சங்குப் புடவில் இருந்ததும் கிடந்ததும்

இப்போதெல்லாம் பாறையைப் படம் பிடித்துவிடுகிறார்கள். போன வருஷம் என்னைத் தேடி வில்லாபுரத்துக்கு வந்த இளைஞர்கள் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார்கள். உள்ளே கேமரா, அதற்கு வெளிச்சம் கொடுக்க ஒரு விளக்கு, அளவு காட்டக் கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டம் போட்ட ஒரு குச்சி. "இதெல்லாம் இல்லாம அந்தக் காலத்துல எப்படிப் பதிவு பண்ணுனீங்க?" என்று கேட்டார்கள்.

"ஒருத்தன் உள்ள இருந்து சொல்லுவான், இன்னொருத்தர் வெளிய இருந்து எழுதுவார்" என்றேன்.

சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குகைக்குள் இருந்து சொன்னவன் நான்தான். என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன், அதனால் எழுமலைப் பக்கத்தில் ஓர் ஊரில் என்ன நடந்தது என்பதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அவர்களுக்குப் பஸ் பிடிக்கும் அவசரம். எனக்கும் ஓர் இடத்தில் நெடுநேரம் உட்கார்ந்து பேச வராது. எழுதினால் நடுநடுவே எழுந்து தெருவுக்குப் போய் வரலாம் என்பதால் எழுதுகிறேன்.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாத்தியார் அடித்தாரா, வீட்டில் கஷ்டமா என்று கேட்பார்கள். இரண்டும் உண்டுதான். ஆனால் காரணம் அதுவல்ல. சன்னல் வழியே ரோடு தெரிந்தது, போய்விட்டேன். பஞ்சாலையில் இருந்தேன். தேயிலைத் தோட்டத்தில் இருந்தேன், அங்கே குளிர்காய்ச்சல் வந்தது. கப்பலில் டெக் டிக்கெட் எடுத்து ரங்கூன் போய் மூட்டை தூக்கினேன். திரும்பி வந்து மதுரையில் காளவாசலில் சுண்ணாம்புச் சூளைக்குக் கிளிஞ்சல் கொட்டும் வேலையில் சேர்ந்தேன். அதுவரை எந்த இடத்திலும் இரண்டாவது பொங்கல் பார்த்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. என் கால் அப்படி.

சூளையில் இருந்தபோதுதான் உசேன் சாகிப் வந்தார். சர்க்காரில் கல், மண், சுரங்கம் சம்பந்தமான ஓர் இலாகாவின் மதுரை முகாமுக்கு அவர்தான் அதிகாரி. டவுனுக்குள் ஒரு பழைய மாடி வீட்டில் ஆபீஸ். ஜனங்கள் அதைக் கல்லாபீசு என்பார்கள். சிவப்புத் துருக்கித் தொப்பி, காக்கிக் கால்சட்டை, சட்டைப்பையில் எப்போதும் ஏலக்காய். அன்றைக்கு அவர் கிளிஞ்சல் குவியலுக்குள் கையை விட்டு, ஒன்றை எடுத்து, துடைத்து, நாக்கால் நக்கிப் பார்த்தார். சூளை ஆட்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். கல்லை நக்கினால் எச்சில் ஒட்டும் விதத்திலேயே அது என்ன என்று பாதி தெரிந்துவிடும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். மதுரை ஜில்லாவில் அவருக்கு நக்கு சாயிபு என்று ஒரு பெயர் இருந்தது. அது அவருக்கும் தெரியும்.

"தமிழ் எழுத்து படிப்பியா?" என்று என்னைக் கேட்டார்.

"படிப்பேங்க."

"கல்யாணம் ஆச்சா?"

"இல்லைங்க."

"வௌவால் நாத்தம் தாங்குவியா?"

"ரங்கூன்ல கப்பலுக்கு அடியில படுத்திருக்கேங்க."

"அச்சா. நாளைக்கு வா."

வேலை இதுதான். கல்லாய்ப் போன கடல் சங்கு, சிப்பி, நத்தை ஆகியவற்றைத் தேடுவது. இப்போது புதைபடிவம் என்கிறார்கள். அப்போது எங்களுக்குக் 'கல்லான ஜந்து'. முதல் வருஷம் திருச்சிக்கு வடக்கே, கடல் வந்துபோன தடம் நிறைய உள்ள பூமிக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினார். அங்கே காட்டில் நடந்தால் காலில் இடறும். கல்லுக்கும் கல்லான சங்குக்கும் உள்ள வித்தியாசத்தை அங்கே கற்றேன். விளக்கை நேராகப் பிடிக்கக் கூடாது, பக்கத்தில் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் வரியும் மேடும் நிழல் போட்டு எழுந்து வரும். சுண்ணாம்புக் கல்லா என்று பார்க்க அதன்மேல் ஒரு சொட்டுத் திராவகம் விட்டால் பொங்கும். உளியை எடுப்பதற்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். இதில் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எல்லாவற்றிலும் முக்கியமானது சொல்லும் முறை. சாகிப்புக்கு முழங்கால் மடங்காது, எப்போதோ குதிரையிலிருந்து விழுந்ததாம். அதனால் குகைக்குள் நான் தவழ்ந்து போவேன், அவர் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதுவார். உட்கார்ந்து என்று பெயர்தான். ஒரு வரி எழுதுவார், எழுந்து நாலு எட்டு நடப்பார், திரும்ப வருவார். நான் ஒன்றைக் கண்டதும் முதலில் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். பாறையோடு சேர்ந்து, கல்லோடு கல்லாக இருந்தால் 'இருக்கு'. பிரிந்து, கையால் எடுக்கிற மாதிரி இருந்தால் 'கிடக்கு'. இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லக் கூடாது. 'இருக்கு' என்றால் அது அந்தப் பாறை உண்டானபோதே அங்கே இருந்தது. 'கிடக்கு' என்றால் வெள்ளம் கொண்டுவந்திருக்கலாம், நரி கவ்வி வந்திருக்கலாம். வெளியாள் யாராவது கொண்டுவந்து தந்தால் 'கொடுத்தது'. அதை அவர் அரைமனதாகத்தான் எழுதுவார்.

நாகமலையில் ஒரு பிளவுக்குள் நான் இருந்தபோது தேனீ கலைந்துவிட்டது. முகம், கழுத்து எல்லாம் கொட்டுகிறது. நான் அலறிக்கொண்டு பின்பக்கமாக ஊர்ந்து வருகிறேன். வெளியே சாகிப் நின்று கத்துகிறார்: "வேலு! அந்த வெள்ளைக் கல்லு இருக்கா, கிடக்கா?"

"சாகிப், தேனீ இருக்கு!" என்றேன்.

முகம் வீங்கிக் கண் மூடிக்கிடந்தபோது அவரே சுண்ணாம்பு தடவிவிட்டார். தடவிக்கொண்டே, "அது சரி, அந்தக் கல்லு?" என்று கேட்டார்.

கோச்சடையிலிருந்து ஓர் ஆள் ஒரு கோணி நிறையச் சிப்பி கொண்டுவந்தான். சன்மானம் தருகிறார்கள் என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். அழகர்மலைக் குகையில் எடுத்தது என்றான். சாகிப் முகத்தைப் பார்க்காமல், "இருந்துச்சா, கிடந்துச்சா?" என்று கேட்டார். அவன் யோசித்துவிட்டு, "கெடந்துச்சுங்க" என்றான். "எது மேல கிடந்துச்சு?" "சாம்பல் மேலங்க." நான் சிரித்துவிட்டேன். காளவாசலில் நான் கொட்டிய அதே சூளைக் குவியல். அந்த ஆள் என்னை அடையாளம் கண்டு, "ஏ மாப்ள, நீ இங்கயா இருக்க?" என்றான். சாகிப்பும் சிரித்து அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

ஆனால் அவர் மனதில் சிரிப்பு இல்லை. மதுரைச் சுற்றுவட்டாரத்துப் பாறைகள் மிகப் பழையவை, கல் வெந்து உருகி இறுகியவை, அவற்றில் எந்த ஜந்துவும் இருக்க முடியாது என்பது மேலிடத்து அபிப்பிராயம். அது சாகிப்புக்கும் தெரியும். அந்தப் பழைய பாறையின்மேல் பிற்காலத்தில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. குகைகளுக்குள் அந்தப் படிவு பத்திரமாக இருக்கும். கடைசியாகக் கடல் உள்ளே வந்து போயிருந்தால் அதன் தடம் அங்கேதான் இருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. மழைக்கு முன்னால் ஒன்றும் கிடைக்காவிட்டால் முகாமை மூடிவிடுவோம் என்று மேலிடம் சொல்லியிருந்தது. அந்தக் கோடையில் அவர் சாப்பிடுவதுகூட நின்றுகொண்டுதான்.

அப்போது எழுமலைப் பக்கத்து மணியக்காரர் ஒருவர் ஏதோ நில விவகாரமாக மதுரைக்கு வந்தவர், கல்லாபீசைக் கேள்விப்பட்டு உள்ளே வந்தார். வாட்டசாட்டமான மனிதர், நல்ல குரல்.

"எங்க ஊர்ல சங்குப் புடவுன்னு ஒண்ணு இருக்குங்க. பாறையில சங்கு மொளைக்குது" என்றார். குகையை அந்தப் பக்கத்தில் புடவு என்பார்கள்.

சாகிப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"நான் உள்ள போனதில்லைங்க. ஆம்பளைக யாரும் போறதில்ல. காத்து கருப்பு அண்டும்னு பொம்பளைக விட மாட்டாக. ஆனா மொளைக்கிறது நெசம். எங்கப்பாரு காலத்துலருந்து சொல்றதுதான். நீங்க வந்து பாத்துப் பெரிசா எழுதுனீங்கன்னா எங்க ஊருக்கு ரோடு வரும்ல?"

மறுநாளே கிளம்பினோம். உசிலம்பட்டி வரை ரயில், அங்கிருந்து கருப்பையா அண்ணனின் வண்டி. அவர் எங்கள் முகாமுக்கு வாடிக்கையாக வண்டி ஓட்டுபவர், வாய் சும்மா இருக்காது. "சங்கு மொளைக்குதாம், சாயிபு கேட்டுட்டுக் கெளம்பிட்டாரு. நாளைக்கு எங்கூர்ல மாடு முட்டை போடுதும்பேன், வருவாரா?" என்று வழி முழுக்க மாட்டிடம் பேசிக்கொண்டு வந்தார்.

மணியக்காரர் வீட்டுத் தொழுவத்தில் தங்கினோம். அவர் மனைவி வீராயி எங்களுக்குக் கம்பங்கஞ்சியும் துவையலும் செய்து கொடுப்பாள். அதிகம் பேசாத மனுஷி. வந்த அன்று மட்டும், கஞ்சி ஊற்றிக்கொண்டே என்னைக் கேட்டாள்: "புடவுக்குள்ள போயி என்ன செய்வீக?"

"பாத்து எழுதுவோம். நல்லதா இருந்தா வெட்டி எடுப்போம்."

"எம்புட்டு வெட்டுவீக?"

"எம்புட்டு இருக்கோ அம்புட்டும்தான்."

அவள் இன்னும் ஓர் அகப்பை ஊற்றிவிட்டுப் போனாள்.

புடவு ஊருக்கு மேற்கே ஒரு கரட்டுக் குன்றின் சரிவில் இருந்தது. வாய் இடுப்பளவு உயரம். கார்பைடு விளக்கை ஏற்றிக்கொண்டு தவழ்ந்தேன். வழக்கமான வௌவால் நாற்றம் குறைவாக இருந்தது. மண் கூட்டினாற்போல் இருந்தது. அதை நான் கவனித்தேன், ஆனால் அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. கொஞ்சம் உள்ளே போனதும் நிமிர்ந்து உட்காரலாம். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு விழுந்த இடமெல்லாம் உறைந்த நெய் மாதிரி வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு. விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்தேன்.

சங்குகள். உள்ளங்கை அளவுள்ள சின்னச் சங்குகள். அந்த வெள்ளைப் படிவுக்குள் முக்கால்வாசி அமிழ்ந்து, வாய் மட்டும் மேலே தெரிய, தரையெங்கும்.

"சாகிப்! சங்கு!"

"இருக்கா, கிடக்கா?" வாசலிலிருந்து சாகிப் கத்தினார்.

ஒன்றைத் தொட்டு ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. இன்னொன்றை ஆட்டினேன். கல்லோடு கல். எங்கள் முறைப்படி அதற்கு ஒரே பதில்தான்.

"இருக்கு, சாகிப்! எல்லாம் இருக்கு!"

வெளியே நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. மடங்காத முழங்காலோடு அந்த மனிதர் உள்ளே வந்துவிட்டார், புழுதியில் உடம்பை இழுத்துக்கொண்டு. பார்த்தார். நக்கிப் பார்த்தார். "சபாஷ், வேலு" என்றார்.

வாசலுக்குப் பக்கத்தில், வலது ஓரத்தில், ஒரு சங்கு இருந்த படிவைச் சுற்றிச் செதுக்கிப் பெயர்த்தோம். ஒரு செங்கல் அளவு. இலவம்பஞ்சு சுற்றிப் பெட்டியில் வைத்துக் கருப்பையா அண்ணனிடம் உசிலம்பட்டி ரயிலுக்கு அனுப்பினோம். மெட்ராசுக்குப் போகும் பார்சல். கூடவே தந்தியும் போனது: கடல் சங்கு கிடைத்தது, தரை முழுவதையும் பெயர்க்க ஆட்கள் வேண்டும்.

அன்று சாயங்காலத்திலிருந்து சாகிப் தொழுவத்துக்கும் கிணற்றுக்குமாய் நடந்தார்.

"என்ன சாகிப்?"

"வேலு, கடல் எப்படி வைக்கும்? கலந்து வைக்கும். சிப்பி, நத்தை, பவளம், மீன் எலும்பு, எல்லாம். இங்கே ஒரே ஜாதி. ஒரே அளவு."

"ஆமாங்க."

"அப்புறம் அலை உருட்டுற சங்கு எப்படியும் விழும். குப்புற, பக்கவாட்டுல. இது எல்லாமே வாய் மேல. ஒண்ணுகூடக் கவிழல." நின்றார். "ஏன் எல்லாமே வாய் மேல?"

எனக்கும் உட்காரத் தோன்றாமல் கூடவே நடந்தேன்.

மறுநாள் காலை நாங்கள் புடவுக்குப் போனபோது வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஒச்சம்மா என்று பெயர், அதே ஊர்ப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். களைக்கொத்து கையில் இருந்தது. காட்டுக்குப் போகிற வழியில் வந்ததுபோல் நின்றாள்.

"நேத்து வெட்டுனீகளாமே, எந்த ஓரத்துல?" என்று கேட்டாள்.

"ஏன்மா?"

"சொல்லுங்க. உள்ள போகையில சோத்துக்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா?"

"சோத்துக்கைப் பக்கம். வாசல் ஓரமா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. களைக்கொத்தால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள். சாகிப் நாற்காலியை விரித்தவர், அதில் உட்காராமல் அவளுக்கு எதிரே கீழேயே உட்கார்ந்தார். அந்தக் காலை நீட்டிக்கொண்டு உட்கார அவர் பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான் அவள் பேசினாள்.

"ஆம்பளைககிட்ட இதைச் சொல்றதில்ல, சாயிபு. சொன்னேன்னு தெரிஞ்சா ஊர்ப் பொம்பளைக என்னைய வெளக்குமாத்தால அடிப்பாக. பிள்ளை தவறிப்போனா ஆம்பளைக தூக்கிட்டுப் போயிப் பொதைச்சுருவாக. நாங்க கூடப் போகக் கூடாது. பால் புகட்டுன சங்கு வீட்ல கெடக்கும்ல? அதை எடுத்தாந்து இங்கிட்டு வைப்போம். மேலருந்து சொட்டுதே, அதுக்கு நேரா, வாயி மேல இருக்கிற மாதிரி."

"ஏன் சொட்டுக்கு நேரா?"

அவள் அவரைப் பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "வெள்ளையாத்தானே சொட்டுது? அது பாலு. பசிக்கக் கூடாதுல்ல பிள்ளைக்கு?"

சாகிப் புடவின் வாயைத் திரும்பிப் பார்த்தார்.

"எம் பிள்ளை சங்கை அந்த ஓரத்துலதான் வச்சேன். போன தையோட ஆறு வருசம். எங்கண்ணன் கீழக்கரையிலருந்து வாங்கியாந்து, ஓரம் தேச்சுக் குடுத்த சங்கு. எங்க கொண்டு போனீக அதை?"

"மெட்ராசுக்கு" என்றேன்.

"அது எங்கிட்டு இருக்கு?"

கையை எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியாமல் வடக்கே காட்டினேன்.

சாகிப் என் தோளைப் பிடித்து எழுந்தார். "வேலு, நீ சொன்னது தப்பில்ல. இருக்குதான். கல்லோட கல்லாத்தான் இருக்கு. வச்சதான்னு நான் கேக்கல. எங்கிட்ட அப்படி ஒரு கேள்வியே இல்ல." பிறகு, "மதுரைக்குப் போ. பார்சலை மெட்ராஸ் வண்டியில ஏத்துறதுக்குள்ள பிடி. ஜல்தி" என்றார்.

திரும்பி வந்திருந்த கருப்பையா அண்ணன் குறுக்கே வந்தார். "என்ன சாயிபு இது! ஒரு பொம்பள சொல்றதைக் கேட்டுட்டுத் திருப்பிக் கொண்டாரச் சொல்றீக. தந்தி வேற குடுத்தாச்சு. மேல இருக்கிறவுக காறித் துப்ப மாட்டாகளா?"

"ஒரு ஆம்பளை சொன்னதைக் கேட்டுத்தானே இங்க வந்தோம், கருப்பையா? அவர் உள்ளேயே போனதில்ல. இந்தம்மா போயிருக்கு."

இன்னொரு தந்தி எழுதிக் கொடுத்தார். முதல் தந்தியை ரத்து செய்வது. அதைக் கொடுத்தால் முகாம் போய்விடும் என்பது எங்கள் மூவருக்குமே தெரியும். போய்விட்டதும் உண்மை. மழைக்கு முன்பே உத்தரவு வந்தது, அவரை வடக்கே எங்கோ நிலக்கரிச் சுரங்கத்துக்கு மாற்றினார்கள். அதையெல்லாம் யோசிக்க அன்றைக்கு எனக்கு நேரமில்லை. ஓடினேன். ஓடுவது எனக்குப் பிடித்த வேலை.

உசிலம்பட்டியில் ரயிலைப் பிடித்து மதுரை வந்து பார்சல் ஆபீசில் நின்றேன். அங்கே இருந்த குமாஸ்தா சாகிப்பின் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"பெட்டியில என்னய்யா?"

"கல்லுங்க."

"கல்லா? கல்லை மெட்ராசுக்கு அனுப்புறவனையும் இப்பத்தான் பாக்குறேன், அனுப்புன கல்லைத் திருப்பிக் கேக்குறவனையும் இப்பத்தான் பாக்குறேன். உடைஞ்சிருந்தா நான் ஜவாப்தாரி இல்ல."

உடைந்துதான் இருந்தது. பெட்டியைத் தூக்கும்போதே உள்ளே கலகலவென்றது. பஞ்சை விலக்கிப் பார்த்தேன். வெள்ளைப் படிவு துண்டுதுண்டாகப் பிளந்து, சங்கு முழுசாக வெளியே வந்திருந்தது. அதற்குச் சேதமில்லை. இத்தனை வருஷம் சுண்ணாம்பு மூடியிருந்த உதட்டோரம் இப்போது பளிச்சென்று தெரிந்தது. பிள்ளையின் வாயில் குத்தாமல் இருக்க அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கிய ஓரம். கடல் அப்படித் தேய்க்காது. திரும்பி வரும் ரயிலில் அந்தப் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். எதிரே இருந்தவர் என்ன என்று கேட்டார், பலகாரம் என்று சொல்லிவிட்டேன்.

நான் புடவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊர்ப் பெண்கள் வாசலில் கூடியிருந்தார்கள். விஷயம் எப்படியோ பரவிவிட்டது. ஒச்சம்மாவை ஒருத்தி வைதுகொண்டிருந்தாள்: "நீ வாயத் தொறந்ததாலதான்டி இன்னைக்கு ஆம்பளைப் பயலுக அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சுபோச்சு!" இன்னொருத்தி, "தொறக்காட்டி தரையையே பேத்துட்டுப் போயிருப்பாக, சும்மா இரு" என்றாள். ஆண்கள் தள்ளி, ஒரு பாறைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். மணியக்காரருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "சங்கு மொளைக்கலையா அப்ப?" என்று சாகிப்பிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "நம்ம ஊரு ரோடு?" சாகிப் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாகிப்போடு பெண்களிடம் போய், பெட்டியைத் திறந்து ஒச்சம்மாவிடம் நீட்டினேன். அவள் சங்கை எடுத்து முந்தானையால் துடைத்தாள். உதட்டோரத்தில் விரலை வைத்து ஒரு தடவை ஓட்டினாள். மறுபடி ஓட்டினாள்.

"இது எம் பிள்ளையோடது இல்ல."

வைதுகொண்டிருந்தவள் கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

"தாய்மாமன் தேச்சுக் குடுக்கிற சங்கு, தேச்ச கை தெரியாதா? எங்கண்ணன் தேச்சது இங்கிட்டுச் சரிஞ்சு இருக்கும். இது அங்கிட்டுச் சரிஞ்சிருக்கு. பீச்சாங்கைக்காரன் தேச்சது." அவள் புடவுக்குள்ளே எட்டிப் பார்த்தாள். "என்னது உள்ளதான் இருக்கு. உள்ளயே இருக்கு." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

சங்கு கை மாறியது. ஒவ்வொருத்தியும் வாங்கி ஓரத்தைத் தடவிப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டி, அடுத்தவளிடம் கொடுத்தாள். எத்தனை பேர் அப்படி வாங்கிப் பார்த்தார்கள் என்பதைப் பார்த்தபின் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கால் தானாகப் பின்னால் போனது. சாகிப் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

வீராயி கஞ்சிப் பானையோடு கடைசியில் நின்றிருந்தாள். எங்களுக்குக் கொண்டுவந்த கஞ்சி. பானையைக் கீழே இறக்கி வைத்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"இங்கிட்டுக் குடு" என்றாள்.

வாங்கியவள் ஓரத்தைத் தடவிப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் பொத்தி வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

பாறைக்கு அந்தப் பக்கமிருந்து மணியக்காரர் சத்தம் போட்டார். "ஏ வீராயி! உனக்கு எதுக்குடி அது? அவுகவுக பொருளை அவுகவுக எடுக்கட்டும்!"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "எங்கண்ணன் தேச்சது" என்றாள்.

அவளுடைய அண்ணன் இடது கைக்காரர் என்பது அந்த ஊருக்கே தெரிந்த விஷயம்போல. பெண்கள் அவளுக்கு வழி விட்டார்கள். மணியக்காரருக்கு வளர்ந்த மகன்கள் இருந்தார்கள், பேரப்பிள்ளைகள்கூட இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னால் பிறந்து தவறியது ஒன்று இருந்திருக்க வேண்டும். அதை அவர்தான் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

வீராயி குனிந்து புடவுக்குள் போனாள். ஒச்சம்மா விளக்கை வாங்கிக்கொண்டு கூடப் போனாள். மணியக்காரர் பாறையைச் சுற்றி வந்து, வாசலை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். வழியில் நின்ற பெண்களில் ஒருத்தி, "மாமா, அங்கிட்டே நில்லுங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அவர் நின்றார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார். எங்களை அந்த இடத்துக்குக் கூட்டிவந்தவர், அதற்குள் ஒரு தடவைகூடப் போகாதவர்.

"தம்பி" என்று மெதுவாகக் கேட்டார், "உள்ள இன்னமும் சொட்டுதாய்யா?"

"சொட்டுதுங்க" என்றேன்.